விரலுக்குக் கணக்கு உண்டு, உயிருக்கு இல்லையா?

யந்திரத்தில் சிக்கிக் கட்டைவிரலை இழந்த தொழிலாளிக்கு என்ன நஷ்டஈடு என்று கேட்டால், சட்டப் புத்தகம் தயங்காமல் பதில் சொல்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் போயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கையில் நான்கு விரல்கள் போனால் 50 சதவிகிதம். மற்றக் கண் நன்றாக இருந்து, ஒரு கண் மட்டும் போனால் 40 சதவிகிதம். இரண்டு கைகளும் போனால் 100 சதவிகிதம். 1923-ம் ஆண்டில் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்து, பிறகு திருத்தங்களும் கண்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை இது. 2025 நவம்பர் 21-ம் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. பழைய சட்டம் போயிற்று. அட்டவணை போகவில்லை. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது.

இந்த அட்டவணை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு காசையும் கேட்டு வாங்க வேண்டும். நாம் கேட்பது வேறு. நான்கு விரல்களை இழந்து வீடு திரும்பியவன் இரவில் தூங்குகிறானா? பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடப்பவன், பகல் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு என்ன நினைக்கிறான்? கதிரடிக்கும் யந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்ட விவசாயக் கூலிப் பெண், “நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?” என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாளா? அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை. மெடிக்கல் போர்டு இதைக் கேட்பதில்லை. மானேஜ்மெண்டு கேட்பதில்லை. பென்ஷன் மனுவை வாங்கும் தாலுகா ஆபீஸும் கேட்பதில்லை. உடம்பு எத்தனை சதவிகிதம் போயிற்று என்று அளக்கத் தெரிந்த நாட்டில், மிச்சமிருக்கும் மனிதன் உயிர் வாழ விரும்புகிறானா என்று கேட்க ஆளில்லை.

இது சிலருடைய பிரச்னை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். நாட்டின் மொத்தத்தில் பத்துக்கு ஏழு பேர் கிராமங்களில் வாழ்கிறவர்கள். அந்தக் கணக்குக்குப் பிறகு, 2016-ல் வந்த சட்டம் ஊனத்தின் வகைகளை 7-லிருந்து 21 ஆக்கியது. ரத்தம் சம்பந்தமான சில வியாதிகளையும், அமிலவீச்சில் காயம்பட்டவர்களையும் கணக்கில் கொண்டது. ஆகவே உண்மையான எண்ணிக்கை இன்னும் பெரிது. ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி, சர்க்கார் காகிதங்களில் மாற்றுத்திறனாளிகள் என்று எழுதுகிறார்கள். மரியாதையான சொல்தான். ஆனால் பெயர் மாறியவருடைய அடுப்பு எரிகிறதா என்பதும் மரியாதையைச் சேர்ந்த விஷயமே.

இப்போது இன்னொரு கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இறந்தவர்களில் 26.4 சதவிகிதம் பேர் தினக்கூலிகள். அதாவது, நால்வரில் ஒருவருக்கு மேல் நம்மவர். காரணங்களில் குடும்பப் பிரச்னைக்கு அடுத்ததாக நிற்பது நோய், 18.4 சதவிகிதம். இறந்தவர் ஆணா பெண்ணா, எத்தனை வயது, எதுவரை படித்தவர், கல்யாணமானவரா, என்ன தொழில், எவ்வளவு வருமானம் என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள் இருக்கின்றன. அவர் ஊனமுற்றவரா என்பதற்குத் தனி அட்டவணை கிடையாது. நோய் என்ற தலைப்பின் கீழ் பக்கவாதம் என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் இழந்தவர், மூளை வளர்ச்சி குன்றியவர் ஆகியோர் இந்த லட்சத்து எழுபதாயிரத்தில் எத்தனை பேர்? அறிக்கையிடம் பதில் இல்லை. உயிரோடு இருக்கும்போது கவனிக்கப்படாதவர்கள் செத்த பிறகும் எண்ணப்படுவதில்லை.

எண்ணிப் பார்த்த இடத்தில் என்ன தெரிந்தது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை மரணப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து, 2023-ல் அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் முடிவை வெளியிட்டது. ஊனமில்லாத ஆண்களைக் காட்டிலும் ஊனமுற்ற ஆண்களிடையே தற்கொலை விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு. பெண்களிடையே நான்கு மடங்குக்கு மேல். நம் நாட்டில் விகிதம் இதுதான் என்று நாம் சொல்ல வரவில்லை. எண்ணினால்தான் தெரியும், எண்ணுவதற்கு வழியும் இருக்கிறது என்பதே நாம் சொல்வது.

“கை கால் போனவனுக்குச் சாகத்தான் தோன்றும், இதில் என்ன அதிசயம்?” என்று சிலர் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை; பரிதாபப்பட்டே கேட்கிறார்கள். “இப்படிக் கிடந்து அவதிப்படுவதைவிடக் கண்ணை மூடினால் தேவலை” என்று படுக்கையில் கிடப்பவர் காதில் விழும்படியே பேசுகிறவர்களை நாம் எல்லா ஊரிலும் பார்க்கலாம். இதைவிட அபாயமான பேச்சு வேறில்லை என்று நாம் சொல்கிறோம். ஊனமில்லாத ஒருவன் “சாகப் போகிறேன்” என்றால் ஊரே ஓடி வருகிறது. ஊனமுற்றவன் அதையே சொன்னால் “பாவம், அவன் கஷ்டம் அவனுக்கு” என்று நகர்ந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியிலும் இது நடக்கிறது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது என்றால், “கால் போன வருத்தம், போகப்போகச் சரியாகிவிடும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். மருந்தாலும் பேச்சாலும் குணமாகக்கூடிய மனச்சோர்வு, ஊனத்தின் நிழலில் மறைந்து போகிறது.

ஊனம் என்பது உடம்பின் நிலை. சாவைத் தேட வைப்பது அதைச் சுற்றி வந்து சேரும் பொருள்கள். அவை என்ன என்று பார்ப்போம். வேலை போகிறது. பதிலித் தொழிலாளியாகவோ காண்டிராக்டு ஆளாகவோ இருந்தவனுக்கு, வேலையில் இருந்தான் என்பதற்கே சீட்டு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. தணியாத வலி இரவைத் தின்கிறது. படுக்கைப் புண் வருகிறது. மலஜலத்துக்குக்கூட இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த இன்னொருவர் கூலிக்குப் போய்விட்டால் மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாசற்படி, பஸ் படி, ரேஷன் கடைப் படி, ஒவ்வொன்றும் மலையாகிறது. வந்து பேசிக்கொண்டிருந்த சிநேகிதர்கள் மூன்று மாதத்தில் குறைகிறார்கள். கடைசியில், குடும்பத்துக்கு நான் பாரம் என்ற எண்ணம் வேர் பிடிக்கிறது. இதில் எந்த ஒன்று விதி? ஒவ்வொன்றும் மனிதர் கையால் மாற்றக்கூடியது.

வேலூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துப் பார்ப்போம். 1954-ல் நடந்த மோட்டார் விபத்தில் அவருடைய இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இவர்கள் மன உறுதி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் மன உறுதியை மட்டும் பாராட்டிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மேரி வர்கீஸின் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி நின்றது. அவருக்கு வேலை இருந்தது. சக்கர நாற்காலி இருந்தது. “உன்னால் முடியும், வா” என்று கூப்பிடச் சகாக்கள் இருந்தார்கள். பனையேறிக்கும் மில் தொழிலாளிக்கும் அந்த நான்கையும் கொடுத்துவிட்டுப் பிறகு அவர்களுடைய மன உறுதியைப் பற்றிப் பேசட்டும்.

அளப்பதிலேயே ஆபத்து உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஊனத்துக்கான உதவித்தொகை பெற்று வந்தவர்களை, “நீ வேலை செய்யத் தகுதியுள்ளவனா?” என்று சர்க்கார் மறுபடியும் பரிசோதித்தது. 2010 முதல் 2013 வரை 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தச் சோதனைக்கு ஆளானார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்தச் சோதனை அதிகமாக நடந்த வட்டாரங்களில் தற்கொலையும் அதிகமாயிற்று என்று காட்டியது. சோதனையோடு தொடர்புடைய கூடுதல் தற்கொலைகள் சுமார் 590 என்று அது மதிப்பிட்டது. பணத்தை மிச்சம் பிடிக்க அளந்தார்கள், உயிர் போயிற்று. ஆகவே, ஊனமுற்றவரின் மனநிலையை அறிய வேண்டும் என்று நாம் சொல்லும்போது, இன்னொரு சோதனையை அவர் தலையில் கட்டச் சொல்லவில்லை. அவருடைய பதிலை வைத்து வேலையையோ பென்ஷனையோ சர்டிபிகேட்டையோ பறிக்கக் கூடாது. உயிரைக் காப்பதற்காக மட்டுமே அந்தக் கேள்வி இருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது?

நேராகக் கேட்க வேண்டும். “சில சமயம், உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறதா?” “உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா?” “எப்படி, எப்போது என்றுகூட யோசித்திருக்கிறீர்களா?” “முன்பு எப்போதாவது முயன்றதுண்டா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே புகட்டியதாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நெஞ்சில் கல்லாகக் கிடந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்தது என்றே பலர் ஆறுதல் அடைகிறார்கள்.

மார்க்குப் போட்டு, இத்தனைக்கு மேல் ஆபத்து, இத்தனைக்குக் கீழ் ஆபத்தில்லை என்று பிரித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். யார் உயிரை விடுவார் என்று முன்கூட்டிச் சொல்ல இப்படிப்பட்ட மதிப்பெண் பட்டியல்களை உபயோகிக்காதீர்கள் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் நிறுவனமே 2022-ல் டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறது. குறைந்த மார்க்கு வாங்கியவர்களும் இறந்திருக்கிறார்கள். பட்டியலின் இடத்தில் மனிதனை வைக்க வேண்டும். இவருக்கு இப்போது என்ன தேவை, எது போனதால் மனம் உடைந்தது, யார் துணை என்று கேட்டறிவதே சரியான மதிப்பீடு.

ஊனமுற்றவர்கள் விஷயத்தில் மேலும் சில கவனங்கள் தேவை.

தனியாகக் கேட்க வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்ளும் மகனோ மருமகளோ அருகில் நிற்கும்போது, யார்தான் வாயைத் திறப்பார்? சில வீடுகளில் அடியும் வசவும் கொடுப்பவரே அந்தப் பராமரிப்பவராக இருக்கக்கூடும். பெண்கள் விஷயத்தில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

காது கேளாதவரிடம் சைகை மொழி தெரிந்தவர் மூலம் கேட்க வேண்டும். அவருடைய பத்து வயதுக் குழந்தையை நடுவில் வைத்து, “அப்பாவுக்குச் சாகத் தோன்றுகிறதா என்று கேள்” என்பது கொடுமை.

மூளை வளர்ச்சி குன்றியவர் வார்த்தையால் சொல்லாமல் போகலாம். திடீரென்று சாப்பிட மறுப்பது, தூங்காமல் இருப்பது, தலையை மோதிக்கொள்வது, விருப்பமான பொருளைத் தொடாமல் இருப்பது ஆகியவையே அவருடைய பேச்சு. “அவன் குணமே அப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடாது. அவரிடம் சின்னச் சின்ன வார்த்தைகளில், ஒரு நேரத்தில் ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும்.

வலியைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் கேட்காமல் எழுந்து வரக் கூடாது. வலியைத் தணிப்பதே பல சமயம் உயிரைக் காக்கும் முதல் வைத்தியம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்கள். நஷ்டஈட்டுப் பணம் தீரும் சமயம். “இனி வேலைக்கு வர வேண்டாம்” என்ற காகிதம் வரும் நாள். பராமரித்து வந்த தாயோ மனைவியோ இறந்துபோன மாதம். முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் மிகவும் அபாயமானவை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. விபத்து நடந்த அன்று பழக்கூடையோடு ஊரே வருகிறது. ஆபத்து வருவது கூட்டம் கலைந்த பிறகு.

“ஆமாம், தோன்றுகிறது” என்று ஒருவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? உபதேசம் வேண்டாம். “பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார்” என்ற கண்டிப்பும் வேண்டாம். அவர் அவர்களை நினைத்தே பாரமாக உணர்கிறார். பொறுமையாகக் கேட்க வேண்டும். எப்படி, எப்போது என்று அவர் ஏற்கெனவே யோசித்திருந்தால் அன்று அவரைத் தனியே விடக் கூடாது. ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். முக்கியமாக, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீடுகளில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சென்னை ‘ஸ்நேகா’ அமைப்பினர் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உயிரை விடும் வேகம் பல சமயம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தைக் கடக்க உதவினால் ஒரு மனிதன் மிஞ்சுகிறான். அடுத்து, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். “போய்ப் பார்” என்று சொல்லி அனுப்பினால் போதாது. டெலிமானஸ் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 என்ற எண்ணிலும் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து பல குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவர் மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது சர்க்காரின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் இல்லை. இதை ஒவ்வொரு தெருவிலும் சொல்ல வேண்டும்.

இதில் சங்கங்களுக்குப் பெரிய வேலை இருக்கிறது. மில் கேட்டில் கூடி நஷ்டஈடு கேட்பதோடு நிற்காமல், விபத்தில் ஊனமான ஒவ்வொரு தொழிலாளியின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும், ஆறு மாதத்திலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் கூட வேலை செய்தவர் ஒருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பணம் வந்ததா என்று கேட்பதோடு, மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தன் கிராமத்தில் இதைச் செய்யலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. காது வேண்டும், நேரம் வேண்டும். கூட்டத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டாவது வர வேண்டும். சந்தா நோட்டை எழுதும் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டும். தன்னால் ஒரு காரியம் நடக்கிறது என்று தெரிந்தவனுக்குத் தான் பாரம் என்ற எண்ணம் குறைகிறது.

நாம் செய்ய வேண்டியதை நாம் செய்வோம். அதனால் சர்க்காரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. நம் கோரிக்கைகள் இவை:

1. ஊனச் சர்டிபிகேட் கொடுக்கும் ஒவ்வொரு முகாமிலும், ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டிலும், பயிற்சி பெற்ற ஊழியர் தனி அறையில் மனநிலையைக் கேட்டறிய வேண்டும். தேவைப்படுவோருக்கு அன்றே மனநல டாக்டர் கிடைக்க வேண்டும். அந்தப் பதில் எந்தச் சலுகையையும் மறுக்கப் பயன்படக் கூடாது.

2. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, இயன்முறை சிகிச்சையும் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அப்படி வீட்டுக்குப் போகும் ஊழியர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கவும் பயிற்சி கொடுக்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சைகை மொழி தெரிந்தவரை நியமிக்க வேண்டும்.

3. தற்கொலை பற்றிய அறிக்கையில் ஊனத்துக்குத் தனி அட்டவணை வேண்டும். 2022-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட தற்கொலைத் தடுப்புத் திட்டம், 2030-க்குள் தற்கொலை மரணங்களை 10 சதவிகிதம் குறைப்பதாகச் சொல்கிறது. எண்ணாத மரணத்தை எப்படிக் குறைப்பார்கள்?

4. வேலையில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு சர்க்கார் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. தனியார் மில்லுக்கும், காண்டிராக்டு ஆளுக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டும்.

5. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவிகித ஊனமுற்றவருக்கு மத்திய சர்க்கார் 2012-ல் நிர்ணயித்த பென்ஷன் பங்கு மாதம் 300 ரூபாய். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய்! தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். விலைவாசிக்கு ஏற்ப உயரும் பென்ஷன் வேண்டும். அலைக்கழிக்காமல் வர வேண்டும்.

இவை எதுவும் தர்மம் கேட்பதல்ல. அந்தக் கை நூல் நூற்ற கை. அந்த முதுகு நெல் மூட்டை சுமந்த முதுகு. பிறவியிலேயே ஊனத்தோடு வந்தவருக்கும் இந்த மண்ணில் நம்மைப் போலவே பங்கு உண்டு. அவருடைய உயிர் அரை உயிர் அல்ல. சதவிகிதம் போட்டுக் குறைக்கக்கூடியதும் அல்ல.

தோழர்களே! உங்கள் தெருவில், உங்கள் லைனில், உங்கள் சேரியில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கதவு பல நாளாகச் சாத்தியே இருக்கிறது. இந்த வாரம் ஷிப்டு முடிந்ததும், களத்து வேலை முடிந்ததும், போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.